நம்ம வார்டு கவுன்சிலர் யாரு?

இந்த எபிசோட்ல பேசப்போறது உள்ளாட்சித் தேர்தல் பத்தி. தலைப்பைக் கேட்டதும் அடுத்த எபிசோடுக்குப் போயிடாதீங்க. நானும் ரொம்ப நாளா இதைக் கண்டுக்காம இருந்தவன்தான். அதனால என் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2021 நவம்பர் மழை ஞாபகம் இருக்கும். அப்போ நான் வேளச்சேரியில ஒரு வாடகை வீட்டுல இருந்தேன். தெருவுல முட்டி அளவு தண்ணி, கரண்ட் இல்ல, லேப்டாப்புல சார்ஜ் இல்ல. மொத்த பில்டிங்கும் மாடிப்படியில உக்காந்து பேசிட்டிருந்தோம். அப்போ கீழ் வீட்டு அக்கா கேட்டாங்க: "நம்ம வார்டு கவுன்சிலர் யாருப்பா? அவருக்கு ஒரு போன் போடலாம்ல?"

யாருக்கும் பதில் தெரியல. ஹவுஸ் ஓனர் அங்கிள் மட்டும் சொன்னாரு, "கவுன்சிலரே கிடையாதும்மா. 2016ல இருந்து யாருமே இல்ல."

நான் அவரு கிண்டல் பண்றாருன்னு நினைச்சேன். அப்புறம் தேடிப் பார்த்தா, அது உண்மை. 2016 அக்டோபர்ல சென்னை மாநகராட்சி மன்றத்தோட பதவிக்காலம் முடிஞ்சது. தேர்தல் அறிவிச்சாங்க. ஆனா பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையா செய்யலைன்னு வழக்கு போச்சு, சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து பண்ணுச்சு. அப்புறம் வார்டு மறுவரையறை, மேல மேல வழக்கு, நடுவுல கொரோனா. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ல. அஞ்சு வருஷத்துக்கும் மேல இடைவெளி. பதவிக்காலம் முடியறதுக்கு முன்னாடியே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கணும்னு அரசியல் சட்டத்தோட 74ஆவது திருத்தம் சொல்லுது. அது 1993ல இருந்து நடைமுறையில இருக்கு.

அந்த அஞ்சு வருஷமும் நகரத்தை நடத்தினது தனி அலுவலர். சென்னையில அது ஆணையரேதான். அதாவது, திட்டத்தைக் கொண்டுவர்றவரும் அதுக்கு ஒப்புதல் தர்றவரும் ஒரே ஆள். ஐ.டி.ல இருக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, தான் எழுதின கோடைத் தானே ரிவ்யூ பண்ணி, தானே மெர்ஜ் பண்றது. எழுதினவர் திறமைசாலியாவே இருக்கலாம். ஆனா ஆபீஸ்ல நாம இதுக்கு ஒத்துக்குவோமா? 2019 தண்ணீர்ப் பஞ்சம், கொரோனா, 2021 மழை, எல்லாமே இந்த இடைவெளிக்குள்ளதான் வந்துச்சு. எனக்கு உறுத்தினது இதுதான்: அத்தனை வருஷம் கவுன்சிலர் இல்லைன்னுகூட எனக்குத் தெரியாது.

சரி, தேர்தல் வந்துச்சே, ஓட்டுப் போட்டியான்னு கேட்டா, இல்ல. என் ஓட்டு மதுரையில, வாழ்க்கை வேளச்சேரியில. "வர்ற சனிக்கிழமை ஓட்டு, ஊருக்கு வாடா"ன்னு அப்பா கூப்பிட்டாரு. ரிலீஸ் இருக்குன்னு சொல்லிட்டேன். உண்மையில ரிலீஸ் வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சு. நான் தூங்கிட்டிருந்தேன்.

நான் மட்டும் இல்ல. அந்தத் தேர்தல்ல மாநிலம் முழுக்க சுமார் 60% பேர் ஓட்டுப் போட்டாங்க. சென்னையில சுமார் 43%தான். கணக்குப் போட்டுப் பாருங்க. சென்னையில அப்போ சுமார் 61 லட்சம் வாக்காளர்கள், 200 வார்டு. ஒரு வார்டுக்கு சராசரியா 30,000 பேர். அதுல ஓட்டுப் போட்டது சுமார் 13,000. அதையும் பல வேட்பாளர்கள் பிரிச்சுக்குவாங்க. உங்க அபார்ட்மென்ட்ல 200 ஓட்டு இருந்தா, எம்.பி. தேர்தல்ல அது கண்ணுக்கே தெரியாது. வார்டுல வேட்பாளர் உங்க அசோசியேஷன் மீட்டிங் எப்போன்னு விசாரிச்சுட்டு வருவாரு.

அடுத்து, மேயர். பலருக்கும் இங்க குழப்பம் இருக்கு. 1996, 2001ல சென்னை மக்கள் மேயரை நேரடியாத் தேர்ந்தெடுத்தாங்க. 2006ல கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தாங்க. 2011ல திரும்ப நேரடித் தேர்தல். 2022ல திரும்ப கவுன்சிலர்கள். விதி மாறி மாறி வந்திருக்கு. 2022 மார்ச் 4ல கவுன்சிலர்கள் பிரியாவைத் தேர்ந்தெடுத்தாங்க. வயசு 28. 1688ல தொடங்கின மாநகராட்சிக்கு முதல் தலித் பெண் மேயர். ஆக, இப்ப இருக்கிற முறையில உங்களுக்கு மேயர் ஓட்டுன்னு தனியா ஒண்ணு கிடையாது. கவுன்சிலருக்குப் போடுறதுதான் மேயருக்கும்.

"ப்ரோ, மேயருக்கே பவர் இல்லையே, கவுன்சிலர் என்ன பண்ணுவாரு?"ன்னு ஒரு நண்பர் கேட்டாரு. நியாயமான கேள்வி. ஆணையரை நியமிக்கிறது மாநில அரசு. குடிநீர், கழிவுநீர் மெட்ரோ வாட்டர் கையில. பஸ், போலீஸ், கரண்ட் எதுவும் மாநகராட்சி கிட்ட இல்ல. புது மன்றம் வந்த அடுத்த மாசமே சொத்து வரி ஏறுச்சு, அந்த அறிவிப்பும் மாநில அரசு கிட்ட இருந்துதான் வந்துச்சு.

ஆனா மிச்சம் என்ன இருக்குன்னு பாருங்க. குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், உள் சாலைகள், கொசு மருந்து, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி. வீட்டை விட்டு வெளிய கால் வெச்சதும் முதல்ல கண்ணுல படுறதெல்லாம் இதுதான். அதுக்கான பட்ஜெட் மன்றத்துல வைக்கப்படுது. "என் வார்டுல வடிகால் வேலை ஏன் பாதியில நிக்குது?"ன்னு ஒருத்தர் எழுந்து நின்னு கேட்டா, அது பதிவாகுது, பதில் சொல்ல வேண்டியிருக்கு. நான் ட்விட்டர்ல போட்ட போட்டோவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல. அதிகாரம் கம்மின்னா கூடுதலாக் கேட்கணும். இருக்கிற கொஞ்சத்தையும் விட்டுட்டா, கேட்கவே ஆள் இருக்காது.

கீழ் வீட்டு அக்கா கதைக்கு வர்றேன். அவங்க 2022ல வரிசையில நின்னு ஓட்டுப் போட்டாங்க. ஜெயிச்ச கவுன்சிலர் அவங்க ஓட்டுப் போட்டவர் இல்ல. இருந்தாலும் நம்பரை வாங்கி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருந்தாங்க. அடுத்த மழைக்குத் தண்ணி நின்னப்போ போன் போட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே ஆள் வந்து பார்த்துட்டுப் போனாங்க. தண்ணி உடனே வடியல. ஆனா "யாருக்குப் போன் போடுறது?"ன்னு அந்தத் தடவை யாரும் கேட்கல.

கடைசியா மூணு விஷயம். ஒண்ணு, இந்த மன்றத்தோட அஞ்சு வருஷக் கணக்கு 2027 மார்ச்சோட முடியுது. அடுத்த தேர்தல் எப்போன்னு கண் வெச்சுக்கோங்க. தள்ளிப்போனா ஏன்னு கேளுங்க. போன தடவை மாதிரி அஞ்சு வருஷம் கழிச்சு மாடிப்படியில தெரிஞ்சுக்க வேண்டாம். ரெண்டு, சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வெச்சுத்தான் உள்ளாட்சிப் பட்டியலும் தயாராகுது. வாடகை வீடுன்னாலும் நீங்க வழக்கமாக் குடியிருக்கிற இடத்துக்குப் பேரை மாத்தலாம், படிவம் 8 போதும், ஆன்லைன்லயே போடலாம். நான் மாத்திட்டேன். அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூணு, எம்.எல்.ஏ. ஆக 25 வயசு ஆகணும், கவுன்சிலர் ஆக 21 போதும். இதை யாருக்காகச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ இந்த எபிசோடை நிறுத்திட்டு, உங்க வார்டு எண்ணையும் கவுன்சிலர் பேரையும் தேடிப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை. தெரிஞ்சதும் வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டு விடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.