அந்த வேலைக்காரம்மா எப்ப வூட்டுக்குப் போவா?

(நாவலூரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சீரியல் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். பரவாயில்லை, அந்தச் சிரிப்பிலிருந்தே தொடங்குகிறேன். நாம் சினிமாவைப் பற்றி விடிய விடியப் பேசுகிறோம். ஒரு படம் வந்தால் பத்துக் கட்டுரை, மூன்று கருத்தரங்கம். வாரத்தில் ஆறு நாள் நம் வீட்டுக் கூடத்திலேயே ஓடுகிற சீரியலுக்கு மட்டும் 'அழுகாச்சி' என்ற ஒற்றைச் சொல். அதைப் பார்க்கும் பெண்களுக்குக் கொஞ்சம் இளக்காரம். அவ்வளவுதான் நம் விமர்சனம்.

ஒரு நடிகரை நினைத்துப் பாருங்கள். மறைந்த மாரிமுத்து. 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் ஜோவின் அப்பா அவர்தான். 2022இல் சன் டிவியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' சீரியலில் ஆதி குணசேகரனும் அவர்தான். அதே மீசை, அதே குரல், அதே குடும்ப கௌரவம். படத்தில் அவரைப் பார்த்தபோது, 'இது சாதி' என்று நமக்குத் தெரிந்தது. சீரியலில் அதே மனிதர் வீட்டுப் பெண்களைப் பூட்டி வைத்தபோது, 'இது ஆணாதிக்கம்' என்றோம். 'இந்தாம்மா ஏய்' என்று அவர் அதட்டியதை மீம் போட்டுச் சிரித்தோம். 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது தமிழ்நாடே தன் வீட்டு ஆளை இழந்த மாதிரி துக்கப்பட்டது. நல்ல நடிகர், துக்கம் நியாயமானது. ஆனால் ஜோவின் அப்பாவுக்கு இருந்த சாதி குணசேகரனுக்கு எங்கே போனது?

என் ஆய்வு சீரியலைப் பற்றியது அல்ல. இந்த ஓ.எம்.ஆர். நெடுக உள்ள அடுக்குமாடிகளில் வீட்டுவேலை செய்யும் பெண்களின் வேலை நேரம், கூலி பற்றியது. நாவலூர், சிறுசேரி, படூர் என்று கோபுரம் கோபுரமாக எழுந்திருக்கிறதே, அங்கே காலையில் வந்து இறங்கும் அக்காக்களில் நிறையப் பேர் செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிறார்கள். நகரத்தின் கால்வாய்க் கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் பிடுங்கி இங்கே நடப்பட்ட குடும்பங்கள். 'ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்க?' என்று கேட்டால், 'குணசேகரன் முடிஞ்சாத்தான்' என்பார்கள். இப்படித்தான் என் நேர்காணல்களுக்குள் சீரியல் அழையாமல் வந்து உட்கார்ந்தது. வந்த பிறகு போகவே இல்லை.

ஒரு அக்கா கேட்டார்: "எல்லா நாடகத்துலயும் ஒரு வேலைக்காரம்மா இருக்கா. காலைல காபி எடுத்தாரா, ராத்திரி பால் எடுத்தாரா. அந்தம்மா எப்ப வூட்டுக்குப் போவா?"

நான் நோட்டை மூடிவிட்டேன். இருபது வருடங்களுக்கு மேலாக அந்த வேலைக்காரம்மாவை நாமும் பார்க்கிறோம். அவளுக்கு ஷேர் ஆட்டோ கிடையாது, ரேஷன் கடை கிடையாது, காய்ச்சலில் படுத்த பிள்ளை கிடையாது. சம்பளம் கேட்டு ஒரு காட்சி கிடையாது. அந்த வீட்டு ரகசியங்களை ஒட்டுக் கேட்பதுதான் அவள் வேலை. பெரும்பாலும் பெயர்கூட முழுசாக இருக்காது.

இன்னொரு அக்கா சொன்னது எதிர்நீச்சல் வீட்டின் அடுப்படி பற்றி. "அவ்ளோ காசு இருக்குது, ஆனா சோறாக்குறது மருமகளுங்கதான். எங்கள மாதிரி ஆளுங்கள பாத்திரம் தொலக்க வெச்சுக்குவாங்க, சமைக்க வுட மாட்டாங்க." இதை அவர் குணசேகரன் வீட்டைப் பார்த்துச் சொன்னாரா, தான் வேலை செய்யும் வீட்டை நினைத்துச் சொன்னாரா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சமையலுக்கு ஆள் தேடும்போது 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கும் வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். தனி டம்ளரைப் பார்த்திருக்கிறார். வேலையாட்களுக்கென்று தனி லிஃப்ட் வைத்திருக்கும் குடியிருப்பில் நானே நேர்காணலுக்காக ஏறி இறங்கியிருக்கிறேன். மருமகளை அடுப்படியில் அடைப்பதும், வேறு சாதிக்காரியை அடுப்படிக்குள் விடாததும் ஒரே பூட்டின் இரண்டு சாவிகள். அம்பேத்கர் 1916இல், கொலம்பியாவில் மாணவராக இருந்தபோதே, சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது, அதைக் காப்பாற்றத்தான் பெண்ணுக்கு இத்தனை கட்டுக்காவல் என்று எழுதிவிட்டார். சீரியல் முதல் பாதியைக் காட்டிவிட்டு இரண்டாம் பாதியைத் துடைத்துவிடுகிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். சீரியல்கள் எதையுமே பேசவில்லை என்று சொல்ல மாட்டேன். 'மெட்டி ஒலி' ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு அப்பாவின் வழியாக மாப்பிள்ளை வீட்டுக் கொடுமைகளைப் பேசியது. 'கோலங்கள்' அபி தன் காலில் நின்று தொழில் நடத்தினாள். எங்கள் தெருவில் அபியைப் பார்த்துத் தெம்பு வந்தவர்களை எனக்குத் தெரியும். எதிர்நீச்சலின் ஜனனியும் ஈஸ்வரியும் எதிர்த்துப் பேசிய நாட்களில் செம்மஞ்சேரி பிளாக்குகளில் கைதட்டல் கேட்டது என்று சொன்னார்கள். ஆண் திமிரைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிற கதைக்குச் சாதியை மட்டும் பெயர் சொல்லி அழைக்க வாய் வரவில்லை.

அதற்குப் பதிலாக என்ன வைக்கிறார்கள்? பணம். இல்லாவிட்டால் நிறம். விஜய் டிவியின் 'பாரதி கண்ணம்மா'வில் நாயகியின் குறை, கறுப்பாக இருப்பது. கறுப்பை இகழ்வது தப்பு என்று சொன்ன வரை நல்லது. ஆனால் இந்த ஊரில் 'கறுப்பு' என்ற சொல்லுக்குள் எதையெல்லாம் ஒளித்துப் பேசுவார்கள் என்று நமக்குத் தெரியாதா? அப்புறம், குழந்தை யாருடையது என்ற சந்தேகத்திலேயே அந்தக் கதை வருடக்கணக்கில் ஓடியது. 'ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துத் தொலையேன்டா' என்று நாடே கிண்டலடித்தது. நானும் சிரித்தேன். ஆனால் யாருடைய ரத்தம் என்ற பதற்றம் டாக்டர் பாரதியோடு முடிகிற ஒன்றா?

ஏழை நாயகிகளைக் கவனியுங்கள். வீடு சின்னதாக இருக்கும், ஆனால் பூஜை அறையும் குத்துவிளக்கும் இருக்கும். அப்பா நேர்மையாக வாழ்ந்து நொடித்தவராக இருப்பார். அவள் காலனியிலிருந்து வரமாட்டாள், சேரியிலிருந்து வரமாட்டாள். பல கதைகளில் எண்ணூறாவது பகுதியில் ஒரு செயினோ மச்சமோ கிடைத்து, அவளே ஒரு பெரிய வீட்டில் தொலைந்த பிள்ளை என்று தெரியவரும். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பெரும்பாக்கத்தில் ஒரு அக்கா இதற்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஏழையாவே இருந்து அந்தப் பையனக் கட்டிக்கக் கூடாதா? இன்னாத்துக்கு பெரிய வூட்டுப் பொண்ணுன்னு ஆக்கணும்?"

தெரிந்தே காதலித்தான், தெரிந்தே கட்டினான் என்று ஒரு கதை முடிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்த அக்காவின் கேள்வி. அதற்கு விடை எழுத இன்றைக்கு எந்த சேனலுக்கும் தைரியம் இல்லை.

எதிர்நீச்சலில் குணசேகரனின் தங்கை ஆதிரை, அருணைக் காதலிக்கிறாள். அண்ணன் அவளைக் கரிகாலனுக்குக் கட்டி வைக்கிறான். காரணம், இரு வீட்டுக்கும் பழைய பகை. அந்தக் காட்சிகள் ஓடிய வாரம் எல்லாரும் ஆதிரைக்காக அழுதிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் வேறு மாதிரிச் சொன்னார். அவர் மகன் சிறுசேரியில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்யும் பெண்ணை விரும்புகிறான். பெண் வேறு சாதி, தென்மாவட்டம். "நான் அந்தப் பொண்ண பாக்கவே இல்ல. அந்தப் பையனோட அம்மா எங்கன்னுதான் தேடினேன். நாடகத்துல அவங்க பணக்காரங்க, சமாளிச்சுப்பாங்க. எம் புள்ளைக்கு யார் இருக்கா?"

இதை அவர் சொல்லும்போது டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பயத்துக்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2024 பிப்ரவரியில், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பள்ளிக்கரணையில் பிரவீன் வெட்டிக் கொல்லப்பட்டார். தலித் இளைஞர். சாதி கடந்து திருமணம் செய்தவர். பெண்ணின் சகோதரர் கைது செய்யப்பட்டார். 2016இல் உடுமலைப்பேட்டை சங்கர். 2025 ஜூலையில் நெல்லையில் கவின், ஐ.டி.யில் வேலை பார்த்தவர். இந்தச் செய்திகள் ஒன்பது மணிக்கு ஓடுகின்றன. ஒன்பதரைக்குச் சீரியல் தொடங்குகிறது. அதில் பெண்ணைப் பூட்டுகிற அண்ணனுக்குப் பாசம் என்று ஒரு பின்னணி இசை இருக்கிறது. வெளியே நிற்கும் பையனுக்குச் சாதியே இல்லை. அப்படியானால் அவன் எதற்காகச் சாகிறான் என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்வது?

'சட்டம் விடாது' என்று ஒரு பதில் வரும். சீரியலுக்குத் திரைப்படத் தணிக்கைச் சான்றிதழ் கிடையாது. 1995ஆம் ஆண்டின் கேபிள் டிவி சட்டமும் அதன் நிகழ்ச்சி விதிகளும் எந்தச் சமூகத்தையும் இழிவுபடுத்தாதே என்கின்றன. சாதிக் கொடுமையைக் காட்டாதே என்று சொல்லவில்லை. தடுப்பது விளம்பரக் கணக்கு, ரேட்டிங் கணக்கு. ஒரு சாதிக்காரர்கூட ரிமோட்டைத் தொடக்கூடாது என்ற கணக்கு. ஆனால் செம்மஞ்சேரியிலும் ரிமோட் இருக்கிறது. 2006க்குப் பிறகு அரசே வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்த மாநிலம் இது. பார்வையாளர் எண்ணிக்கையில் சேர்ப்பார்கள், கதையில் சேர்க்கமாட்டார்கள்.

கர்நாடகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2020இல் ஜீ கன்னடா, அம்பேத்கர் வாழ்க்கையைச் சொல்லும் இந்தித் தொடரை 'மகாநாயகா' என்று மொழிமாற்றி ஒளிபரப்பியது. சேனல் அதிகாரிக்கு மிரட்டல் வந்தது. நிறுத்த மாட்டோம் என்றார்கள். ஊர் ஊராக ஜனங்கள் தாங்களே காசு போட்டு அந்தத் தொடருக்குப் பேனர் வைத்தார்கள். ஒரு டிவி சீரியலுக்கு! நடிகருக்கு வைப்பதைப் பார்த்திருக்கிறோம், கட்சிக்கு வைப்பதைப் பார்த்திருக்கிறோம். வகுப்புக்கு வெளியே உட்கார வைக்கப்பட்ட ஒரு சிறுவனின் கதைக்குத் தெருமுனையில் பேனர் வைத்தவர்களும் நாம் இளக்காரமாகப் பார்க்கும் அதே சீரியல் ரசிகர்கள்தான்.

நமக்குள் குறும்படம் எடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள், வெப் சீரிஸ் எழுத வாய்ப்புத் தேடுகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை. ஆறு மணிக்கு மேல் செம்மஞ்சேரிக்கு வாருங்கள், நான் கூட்டிப் போகிறேன். ஒன்பதரை வரை உட்காருங்கள். ஸ்கிரிப்ட் அங்கே வாயாலேயே திருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வேலைக்காரம்மா வேலை முடிந்து, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும் ஒரு காட்சியை மட்டும் முதலில் எழுதிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கலாம். அக்காக்களையும் அழைத்து வருகிறேன். நேரம் மட்டும் கொஞ்சம் முன்னால் வையுங்கள், ஒன்பதரைக்கு அவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

ஜெய்பீம்.