வெள்ளகவி மக்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்

(அறக்கட்டளையின் சமூக நலக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாம் நம் தெருக்களைப் பற்றியே பேசுவோம். எந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், எந்தக் குடும்பத்துக்கு மருத்துவ உதவி, எந்த வீட்டுத் திருமணத்துக்கு ஒத்தாசை என்று கணக்குப் பார்ப்போம். இன்று அந்தக் கணக்கைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, நம் கண்ணெதிரே இருந்தும் நம்மில் பலர் போயிராத ஓர் ஊரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அந்த ஊர் வெள்ளகவி. வெள்ளகெவி என்றும் சொல்வார்கள்.

கொடைக்கானலில் வட்டக்கானலைத் தாண்டி, டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதை நம் எல்லோருக்கும் தெரியும். வெளியூர் விருந்தாளிகளை அங்கே அழைத்துப் போய் பள்ளத்தாக்கைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவோம். அந்தப் பாதை அந்தப் பாறையோடு முடிவதில்லை. மேலும் கீழே இறங்குகிறது. சில மணி நேரம் நடந்தால் வெள்ளகவி. அங்கிருந்து இன்னும் இறங்கினால் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவி. மேலேயிருந்து வந்தாலும் கீழேயிருந்து வந்தாலும் நடைதான். காட்டுமாடும் யானையும் நடமாடும் காடு. மழைக்காலத்தில் அட்டை, வழுக்குப் பாறை.

திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டத்தைச் சேர்ந்த ஊராட்சி அது. ஒன்றோடொன்று ஒட்டிய சிறிய வீடுகள், அவற்றுக்கு நடுவே நிறையக் கோயில்கள். காபி, மிளகு, பட்டர் ஃப்ரூட், ஆரஞ்சு, வாழை ஆகியவைதான் பிழைப்பு. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். ஊர் முழுவதையும் தெய்வத்தின் இடமாக அவர்கள் கருதுகிறார்கள். பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றும் நமக்கு அந்த மரியாதையின் பொருளைத் தனியே விளக்க வேண்டியதில்லை. நம் நம்பிக்கை வேறு, அவர்கள் நம்பிக்கை வேறு. ஆனாலும் அந்த ஊருக்குப் போகும் நம் பிள்ளைகள் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டும்.

இந்த ஊருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1821-இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி பழனிமலையை அளக்க வந்தபோது, வெள்ளகவி வழியாகத்தான் மேலே ஏறினார். அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது 1845-இல். அதாவது, கொடைக்கானல் என்ற மலை நகரம் உருவாவதற்கு முன்பே வெள்ளகவி இருந்தது.

பிறகு பெரியகுளம் பக்கத்து மலைச்சரிவில் குதிரைப்பாதை ஒன்று போட்டார்கள். 1875-இல் ரயில் வந்த பிறகு, அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரத்துத் தோப்பு வரை வந்து, அங்கிருந்து குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் உட்கார வைத்து, நம் ஊர் ஏழைகள் தோளில் சுமந்து ஏழாயிரம் அடி ஏற்றினார்கள். பின்னர் மேஜர் லா என்பவர் திட்டமிட்ட மலைச்சாலை 1914-ஆம் ஆண்டு வாக்கில் முடிந்தது. மோட்டார் வண்டி வந்தது. பெரியகுளம் சரிவை எல்லோரும் மறந்துபோனார்கள்.

டோலி மட்டும் போகவில்லை. அன்று சுகமாக இருந்தவர்களைச் சுமந்து ஏறியது, இன்று நோயாளிகளைச் சுமந்து இறங்குகிறது. பிரசவ வலி கண்ட பெண்ணாக இருந்தாலும், மரத்திலிருந்து விழுந்தவராக இருந்தாலும், நெஞ்சுவலி வந்த முதியவராக இருந்தாலும் கம்பில் போர்வையைக் கட்டித் தூக்கிவர வேண்டியதுதான். ஆள் மாற்றி ஆள் தோள் கொடுப்பார்கள். அதே ஊராட்சியைச் சேர்ந்த சின்னூர், பெரியூர் மக்களின் நிலையும் இதுவே. மழையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் அவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும்.

சகோதரர்களே, சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியெடுத்தார்கள். அந்தப் பாறையை இறக்க லாரி போகும் அளவுக்குப் பாதை பிறந்தது. மலைக்குள் இருந்து எடுத்துப்போகப் பெரிய பொருள் இருந்தால் பாதை தானாக வருகிறது. மனிதர்கள் மட்டுமே இருந்தால், மனு மேல் மனு எழுத வேண்டியிருக்கிறது. வெள்ளகவிக்குச் சாலை வருவது பற்றிப் பேச்சும் அறிவிப்பும் அவ்வப்போது வருகின்றன. முழுதாக வந்து முடிந்தால் அல்ஹம்துலில்லாஹ். இடையில் காட்டு நிலம் இருக்கிறது, 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமும் இருக்கிறது. காட்டைக் காப்பதும் கடமைதான். அதே சமயம் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் ஒரு வழியும் உண்டு. காட்டில் வாழும் மக்களுக்குப் பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை போன்ற வசதி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, கிராம சபையின் பரிந்துரையின் பேரில் ஒதுக்கலாம். ஒரு ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. நீண்ட சாலைக்கு இது போதாமல் போகலாம். மருந்தகத்துக்கு இது தாராளம். நம்மில் சட்டம் படித்த இளைஞர்கள் இந்த விவரத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்லி, மனு எழுத உதவலாம்.

அடுத்ததாக, நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம். இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறோம்.

வெள்ளகவியின் காபியும் பழமும் குதிரை முதுகில் இறங்குகின்றன. நம்மில் பலர் ராவுத்தர் குடும்பத்தினர். குதிரையோடு சேர்ந்த பெயர் அது. மலைச்சரக்கு வியாபாரம் நம் அத்தாமார்களின் தொழில். பெரியகுளத்திலும் வத்தலக்குண்டிலும் கொடைக்கானலிலும் இன்றும் நம்மவர் கடைகள் உண்டு. கடை வாசலில் மூட்டையை இறக்கிய ஒரு மலைவாசியை நினைத்துப் பாருங்கள். குதிரைக் கூலி கொடுத்தாயிற்று. விலை கட்டவில்லை என்றால் அந்த மூட்டையை அவர் திரும்ப மலைக்கு ஏற்ற முடியுமா? பழுத்த பழம் நாளை வரை காத்திருக்குமா? முடியாது என்பது அவருக்கும் தெரியும், எதிரே உட்கார்ந்திருக்கிற வியாபாரிக்கும் தெரியும். பாதை இல்லாத ஊருக்கு மருத்துவமனை மட்டுமா தூரம்? நியாய விலையும் தூரம்தான்.

அடுத்தவருடைய இயலாமையை நம் லாபமாக ஆக்கிக்கொண்டால் அதில் பரக்கத் இருக்குமா? அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் ஒரு ஸூராவே இருக்கிறது. தராசு சரியாக இருந்தும், விலையில் ஒருவருடைய கழுத்தைப் பிடித்தால் அதுவும் அநீதியே. நம் வியாபாரிகள் எல்லோரும் அப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. மலைச்சனங்களுக்கு முன்பணமும் கொடுத்து, அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் நின்றவர்களும் நம்மில் உண்டு. அந்த வழியில் எல்லோரும் நடக்க வேண்டும் என்பதே கோரிக்கை. அன்றைய சந்தை விலையை மறைக்காமல் சொல்லுங்கள். பணத்தை அன்றே கையில் கொடுங்கள். இதற்கு அறக்கட்டளையின் பணம் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

மற்றபடி நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஜகாத்துக்கு உரியவர்கள் யார் என்பதை மார்க்கம் வகுத்திருக்கிறது. அதை உலமாக்களின் வழிகாட்டுதல்படியே செலவிடுவோம். பொதுவான ஸதகா எல்லா மனிதர்களுக்கும் ஆனது. அதிலிருந்து, ஊர்ப் பெரியவர்களைக் கலந்துகொண்டு, எடை குறைந்த மடக்கு ஸ்ட்ரெச்சர்களும் முதலுதவிப் பெட்டியும் வாங்கிக் கொடுக்கலாம். நோயாளி இறங்கி வருகிறார் என்று தகவல் வந்தால், கும்பக்கரையிலோ வட்டக்கானலிலோ வண்டியோடு காத்திருக்க நம் டிரைவர் தம்பிகள் நால்வர் முன்வந்தால் போதும். பெரியகுளம் அரசு மருத்துவமனையில் உடன் வந்தவர்களுக்கு இரண்டு வேளைச் சோறு கொடுப்பது நம் தாய்மார்களுக்குப் பெரிய காரியமல்ல. மேல்படிப்புக்காக ஊரை விட்டு இறங்கி விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் கம்பளியும் கொடுக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். அவர்கள் நம்மிடம் கையேந்தி நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் சுமையைத் தாங்களே சுமக்கிறவர்கள் அவர்கள். நாம் கொடுத்ததைப் படம் எடுத்துப் பரப்புவது அவர்களுடைய மானத்தைக் குறைக்கும், நம் நன்மையையும் குறைக்கும்.

வழியில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் அப்புறப்படுத்துவதும் ஸதகாதான் என்று மதரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் மலையிலேயே ஒரு வழி அப்படிக் கிடக்கிறது. ஸ்ட்ரெச்சருக்கும் வண்டிக்கும் பெயர் கொடுக்க விரும்புவோர் இன்று மஃரிப் தொழுகைக்குப் பின் நிர்வாகிகளைச் சந்தியுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மழைக்கு முன் தொடங்கிவிடுவோம்.

அல்லாஹ் நம் வியாபாரத்தில் நேர்மையையும் நம் உள்ளத்தில் இரக்கத்தையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.