விதை வாங்குமுன் ஒரு கணக்கு

மொத்தமாக வாங்கினால் மலிவு என்று இனிப்புச் சோள விதையை நாடும் சிறு கமக்காரர், முதலில் நிலத்தை அளந்து கணக்கிடுதல் நன்று. வரிசைக்கு வரிசை இரண்டரை அடியும் செடிக்குச் செடி ஓரடியும் விட்டால், கால் ஏக்கரில் ஏறக்குறைய 4,350 செடிகளே அமையும். ஒரு கிலோ நல்ல விதை பெரும்பாலும் போதும். மிஞ்சியதை மறு போகத்துக்கு வைப்போமெனின், அங்கேதான் நட்டம். மாப்பொருள் குறைந்து சுருங்கிய இவ்விதை, முளைதிறனை விரைவில் இழப்பது. எங்கள் பாடசாலைத் தோட்டத்தில் முந்திய ஆண்டின் விதை 100 இட்டோம். 31 மட்டுமே முளைத்தன. பாத்தி கொத்திய பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்கு நாணமாயிருந்தது. கலப்பின விதையாயின், விளைந்த கதிரிலிருந்து விதை எடுப்பதும் ஏமாற்றமே தரும். மலிவு வேண்டின், ஒரே போகத்தில் விதைக்கும் அயலார் நால்வர் கூடி ஒரு பொதி வாங்குங்கள். பங்கிடுமுன் 100 விதைகளை ஈரச்சாக்கில் சுற்றி ஒரு வாரம் வைத்து, முளைத்தவற்றை எண்ணிப் பாருங்கள்.