பரிந்துரைப்பவரின் அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வியாபாரி நேர்மையாளராக இருக்க வேண்டும் என்பதைப் பல ஜும்ஆக்களில் கேட்டிருக்கின்றீர்கள். இன்று பேசவிருப்பது வியாபாரியைப் பற்றியன்று. அவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று, "இதை வாங்கலாம்" என்று சொல்பவரைப் பற்றி. நம் பிள்ளைகளில் பலர் இணையத்தில் எழுதியும் பேசியும் கைப்பேசி, அழகுசாதனம், உம்ராப் பயணம், முதலீட்டுத் திட்டம் எனப் பலவற்றைப் பரிந்துரைக்கின்றார்கள். அவர்கள் சொல்லி ஒருவர் வாங்கினால், விற்றவரிடமிருந்து கமிஷன் வருகின்றது. இந்தப் பணம் ஹலாலா?

தரகுக் கூலிக்கென இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் தனிப் பாடம் அமைத்துள்ளார்கள். இப்னு ஸீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகியோர் அதில் குற்றம் காணவில்லை என்றும் அதில் குறிப்பிடுகின்றார்கள். எனவே கூலியில் தடையில்லை. ஆனால் சந்தையில் மாட்டுத் தரகர் பேசும்போது, காசுக்காகப் பேசுகின்றார் என்று தெரிந்தே நாம் கேட்கின்றோம். இணையத்தில் பேசுபவரையோ நண்பராக எண்ணிக் கேட்கின்றோம். ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்னும் நபிமொழி (அபூதாவூத், திர்மிதி) இங்கேதான் வந்து நிற்கின்றது. "எதை வாங்கலாம்?" என்று ஒருவர் உங்களிடம் கேட்ட கணமே, அவருடைய பணத்தின் நலன் உங்கள் பொறுப்பாகி விடுகின்றது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைக்கின்றார்கள். ஒருவர் தமது ஒட்டகத்தை 300 திர்ஹமுக்கு விற்றார். அங்கு நின்றிருந்த நபித்தோழர் வாஸிலா (ரலி) அவர்கள் சற்றுக் கவனக்குறைவாக இருந்துவிட, வாங்கியவர் ஒட்டகத்துடன் புறப்பட்டுவிட்டார். வாஸிலா (ரலி) பின்னால் ஓடினார்கள், கூவி அழைத்தார்கள். இறைச்சிக்காகவா, பயணத்திற்காகவா என வினவினார்கள். பயணத்திற்கு என்றார் அவர். அதன் குளம்பில் ஓட்டை இருப்பதைத் தாம் கண்டதாகவும், தொடர் பயணத்தை அது தாங்காது என்றும் வாஸிலா (ரலி) தெரிவித்தார்கள். அவர் திரும்பிச் சென்றார். விற்றவர் 100 திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் வருந்தியபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் உறுதிமொழி அளித்திருப்பதை வாஸிலா (ரலி) எடுத்துக் கூறினார்கள். குறையை மறைத்து விற்பது விற்பவருக்கு ஆகுமானதல்ல. அதை அறிந்தவருக்கும் அறிவிக்காமல் இருப்பது ஆகுமானதல்ல என நபியவர்கள் கூறக் கேட்டதையும் சொன்னார்கள்.

"அறிந்தவருக்கும்" என்பதைக் கவனியுங்கள்! வாஸிலா (ரலி) அவர்களுக்கு அந்த ஒட்டகத்தில் ஒரு திர்ஹம்கூடப் பங்கில்லை. பங்கு வாங்கிக்கொண்டு வாய்மூடி இருப்பவரின் நிலை என்ன?

"நான் பணம் வாங்கவில்லை, கம்பெனி பொருளை இலவசமாக அனுப்பியது" என்பார் சிலர். ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா, தமக்கு அன்பளிப்பாக வந்ததெனச் சிலவற்றைத் தனியே எடுத்து வைத்தபோது, பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). அவர் அரசுப் பணியாளர். நீங்கள் அவ்வாறல்லர் என்பது உண்மை. ஆயினும் அக்கேள்வியை உங்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்களை நம்புவோர் இல்லையென்றால் அந்தப் பொருள் உங்கள் வீட்டுக்கு வந்திருக்குமா?

காசுக்காகப் பொய்யான பாராட்டு எழுதுவதற்கு விளக்கமே வேண்டாம். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றுவதும், பொருளில் இல்லாததைச் சொல்லிப் புகழ்வதும் 'நஜ்ஷ்'. அது தடுக்கப்பட்டது.

நாட்டின் சட்டமும் இதில் கண்டிப்பாகவே இருக்கின்றது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரை. பணமோ இலவசப் பொருளோ பெற்றால் அதை எளிய மொழியில், கண்ணில் படுமாறு அறிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டியது. பலரோ அதைக் கடைசியில், பொடி எழுத்தில் போடுகின்றார்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள் (முஸ்லிம்).

முன்பு நீங்கள் புகழ்ந்த பொருளில் பின்னர் குறை தெரிந்தால், புகழ்ந்த அதே இடத்தில் அதை எழுதுங்கள். கமிஷன் நின்றுபோகலாம், கம்பெனி கோபிக்கலாம். அந்த ஒட்டகக்காரரும் வருந்தத்தான் செய்தார். பயணம் புறப்பட்டவர் பாதி வழியில் நிற்காமல் தப்பினார்.

நம் பிள்ளைகளின் நாவிலும் எழுத்திலும் வாய்மையையும், வருவாயில் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.