காட்டுயிர்ப் படிப்பு: செலவு எவ்வளவு, பலன் என்ன?

(கந்தர்வக்கோட்டையில் நடைபெற்ற கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



 

இந்த ஆண்டு நமக்கு வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை வழக்கமானவை. பொறியியல், நர்சிங், பி.காம்., பி.எட். இவற்றைப் பரிசீலிக்க நம் குழுவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒரேயொரு விண்ணப்பத்தில் மட்டும் எல்லோரும் நின்றுவிட்டோம். பிளஸ் டூவில் உயிரியல் படித்த ஒரு மாணவி, "வன உயிரினப் பாதுகாப்பு படிக்க விரும்புகிறேன்" என்று எழுதியிருந்தார். அவருடைய தகப்பனார் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஹஜ்ரத், இது படிச்சா சோறு போடுமா?"

நியாயமான கேள்வி. நம் கையில் இருப்பது உங்கள் ஜகாத்தும் ஸதகாவும். அதை எங்கே கொடுத்தாலும் அல்லாஹ்விடத்தில் நாம் பதில் சொல்ல வேண்டும். ஆகவே விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் வைக்கிறேன்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத படிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்துக் கடலையே பாருங்கள். 2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென்று அறிவிக்கப்பட்ட முதல் பாதுகாப்பகம் இதுதான். நம் மாவட்டக் கரையோர ஊர்களில் நம் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! கடல்பசு கடற்புல்லைத் தின்று வாழ்கிறது. அந்தக் கடற்புல் வெளியில்தான் மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் வளர்கின்றன. புல் அழிந்தால் கடல்பசுவோடு சேர்ந்து மீனவர் பிழைப்பும் போகும். வலையில் மாட்டிய கடல்பசுவைத் திரும்பக் கடலில் விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்திருக்கிறது. கடற்புல்லை அளப்பதற்கும், மீனவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கும் படித்த ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது?

இந்தத் துறையில் இந்தியாவிலேயே பெரிய பெயர் ஒரு முஸ்லிமுடைய பெயர். டாக்டர் ஸாலிம் அலி. 1896இல் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயையும் தகப்பனையும் இழந்து, மாமா வீட்டில் வளர்ந்த யத்தீம். பறவைகளைப் பற்றி அவ்வளவு தெரிந்திருந்தும், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைக்கவில்லை. பிறகு பம்பாய் அருங்காட்சியகத்தில் ஒரு வேலை கிடைத்தது. ஜெர்மனி போய் பெர்லினில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். வந்து பார்த்தால், பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். பம்பாயில் குடித்தனம் நடத்த முடியாமல், மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போனார். அங்கே உட்கார்ந்துதான் தூக்கணாங்குருவியைப் பற்றி அவர் செய்த புகழ்பெற்ற ஆய்வு பிறந்தது. இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் 1941இல் வந்தது. 1976இல் பத்ம விபூஷண் விருது. 1990இல் கோவையில் அவர் பெயரிலேயே ஒரு பறவையியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது.

இந்த வரலாற்றிலிருந்து பெற்றோர்கள் இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்தத் துறையில் பட்டம் இல்லாமல் கதவு திறக்காது. இரண்டு, திறமையும் பெயரும் இருந்தால்கூடப் பணம் தாமதமாகத்தான் வரும். இரண்டையும் தாங்க வீட்டில் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது செலவுக் கணக்கு. முதல் பட்டத்திலேயே 'காட்டுயிர்' என்ற பெயரைத் தேட வேண்டாம். விலங்கியல் அல்லது தாவரவியல் போதும். திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி, அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி போன்ற இடங்களில் இவை இருக்கின்றன. அரசு கல்லூரி, அரசு உதவி பெறும் பிரிவு என்றால் கட்டணம் குறைவு. தங்குவது, சாப்பாடு, பஸ் இவைதான் பெரிய செலவு. நல்ல மதிப்பெண் இருந்தால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் 4 ஆண்டு வனவியல் பட்டம். அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும். நம் சமுதாயத்துக்கான 3.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு டிரஸ்டிடம் முதலில் வருவது சரியல்ல.

அதற்குப் பிறகு முதுகலை. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் முதுகலை நடக்கிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும், டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனத்திலும் இருக்கிறது. அங்கெல்லாம் இடம் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம்.

யாரும் கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு. களப்பணிக்குப் போக்குவரத்து, தொலைநோக்கி, சம்பளமில்லாத பயிற்சி மாதங்கள். எல்லாவற்றையும்விடப் பெரியது காலம். இளங்கலை 3 ஆண்டு, முதுகலை 2 ஆண்டு, தற்காலிக வேலையில் ஓரிரு ஆண்டு. அதே வயதில் நர்சிங் படித்த பிள்ளை சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கும். வீட்டில் தம்பி தங்கைகள் படிக்கக் காத்திருந்தால் இதை மறைக்காமல் பேசிக்கொள்ளுங்கள்.

பலன் பக்கம் பார்ப்போம். நெட் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். பெற்றால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் ரூ.37,000, அதோடு வீட்டு வாடகைப்படி. நல்ல தொகைதான். ஆனால் ஆய்வுத் திட்டங்களில் கிடைக்கும் வேலை அந்தத் திட்டம் இருக்கும் வரைதான். முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். தொண்டு நிறுவனங்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

நிரந்தர வேலை என்றால் அரசுத் தேர்வுகள். தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத்துறைத் தேர்வுகள், மத்தியில் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வு. மத்தியத் தேர்வில் 2024இல் நாடு முழுவதற்கும் சுமார் 150 இடங்கள்தான் இருந்தன. இங்கே மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்வு எழுத விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியியல் அமைப்பியல், கால்நடை மருத்துவம், வேளாண்மை, வனவியல், பொறியியல் போன்ற குறிப்பிட்ட பாடங்களில் பட்டம் வேண்டும். கவர்ச்சியான பெயரில் ஏதோ ஒரு சுற்றுச்சூழல் பட்டத்தைத் தனியார் பல்கலைக்கழகத்தில் இலட்சங்களைக் கொட்டி வாங்கினால், கடைசியில் விண்ணப்பமே போட முடியாமல் போகலாம். விலங்கியல் படித்தவருக்கோ இந்த வாசலும் திறந்திருக்கும், பி.எட். முடித்து ஆசிரியராகும் வாசலும் திறந்திருக்கும். அதனால்தான் முதல் பட்டத்தை அகலமாக எடுங்கள் என்கிறேன்.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். முழு உதவித்தொகை கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ், போகட்டும். வட்டிக்கு வங்கியில் கடன் வாங்கிப் போக வேண்டாம். வட்டி ஹராம் என்பது ஒருபுறம். தொடக்கச் சம்பளம் சிறியதாக இருக்கும் துறையில் பல இலட்சம் கடனோடு நுழைந்த பிள்ளை, இரண்டாம் ஆண்டிலேயே துறையை விட்டு ஓட வேண்டி வரும். படிப்பும் வீண், கடனும் மிச்சம்.

பெண் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதா என்ற கவலையும் புரிகிறது. கேட்க வேண்டியதைக் கேளுங்கள். எங்கே தங்குகிறார்கள், உடன் யார், பொறுப்பாளர் யார்? பதில் திருப்தியாக இருந்தால் அனுப்புங்கள். வன அதிகாரிகளாகப் பெண்கள் பலர் இன்று பணியாற்றுகிறார்கள். வரைபடம், ஆய்வகம், பள்ளிக் கல்வி, கடலோர மக்களிடையே வேலை என்று காட்டுக்கு வெளியேயும் இத்துறையில் பணிகள் உண்டு. மீனவக் குடும்பங்களின் பெண்களிடம் போய்ப் பேச ஒரு பெண்ணால்தான் எளிதாக முடியும்.

நம் குழு எடுத்த முடிவைச் சொல்கிறேன். அந்த மாணவியின் விலங்கியல் இளங்கலைக்கு உதவுகிறோம். குடும்பம் ஜகாத் பெறத் தகுதியுள்ளது என்பதால், கல்லூரிக் கட்டணத்துக்கான தொகை ஜகாத் நிதியிலிருந்து அவருக்கே உரிமையாகக் கொடுக்கப்படும். அதைத் திருப்பிக் கேட்க மாட்டோம். முதுகலைக்குப் போகும்போது, மதிப்பெண்ணையும் ஆர்வத்தையும் பார்த்து, ஸதகா நிதியிலிருந்து கர்ழ் ஹஸனாவாக, வட்டியில்லாமல் தருவோம். ஒவ்வொரு கட்டத்திலும் உட்கார்ந்து பேசுவோம். இனி இப்படி வரும் எல்லா விண்ணப்பங்களுக்கும் இதுவே நடைமுறை.

மாணவர்களே, பணம் செலவழிக்கும் முன் உங்கள் ஆசையைச் சோதித்துப் பாருங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கட்டணம் இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு சுப்ஹு தொழுதுவிட்டு நம் ஊர்க் குளத்துக்குப் போங்கள். தொடர்ந்து நாற்பது நாள் போக முடிந்தால் விண்ணப்பம் எழுதுங்கள். நான்காம் நாளே அலுத்துப்போனால் உங்கள் ரிஸ்க் வேறு வாசலில் இருக்கிறது, அதைத் தேடுங்கள். அதில் குறைவேதும் இல்லை.

தாகத்தில் தவித்த ஒரு நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். நட்ட மரத்திலிருந்து பறவை தின்பதும் நட்டவருக்கு ஸதகா என்றார்கள். அந்த நன்மையை நாடும் பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள். கணக்கையும் பாருங்கள், துஆவும் செய்யுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. கொடுத்தவர்களின் பொருளில் பெருக்கம் தருவானாக. ஆமீன்.