ஏட்டுக் கல்வியும் கைவந்த கல்வியும்

(சத்துவாச்சாரியில் நடைபெற்ற அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்துள்ளனர். அதற்குரிய பொருள் இன்றைய திருநாளின் வரலாற்றிலேயே அமைந்திருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆதிபகவன் துறவு மேற்கொண்டு ஆறு திங்கள் அசையாத் தவத்தில் நின்றபின், ஆகாரம் ஏற்கும் பொருட்டு ஊர்களை நோக்கி எழுந்தருளினார். சென்ற இடமெல்லாம் மக்கள் திரண்டு வந்து வணங்கினர். பொன்னும் மணியும் கொணர்ந்தனர். பட்டாடையும் யானையும் குதிரையும் முன்னே நிறுத்தினர். தம் கன்னியரையே கொடுக்கவும் முன்வந்தனர். ஒரு கைப்பிடி உணவை முறைப்படி அளிக்க மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. பகவான் மௌனமாக அடுத்த ஊருக்கு நடந்தார். இவ்வாறு மேலும் பல திங்கள் கழிந்தன. இறுதியில் அஸ்தினாபுரத்தில் ஸ்ரேயாம்ச குமாரன், முற்பிறவியில் முனிவர்க்கு ஆகாரம் அளித்த நினைவு எழப்பெற்று, முறையோடு எதிர்கொண்டு, கருப்பஞ்சாற்றை அவரது கைகளில் வார்த்தான்.

இதை நாம் தானத்தின் பெருமையாகவே ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். கல்வியின் கதையாகவும் இதைக் கேட்கலாம் என்பது என் எண்ணம். அந்த மக்களிடம் அன்பு குறையவில்லை, செல்வமும் குறையவில்லை. செய்முறை ஒன்றுதான் இல்லை. ஸ்ரேயாம்சனுக்கு உதவியதும் எங்கோ கேட்ட உபதேசம் அன்று. ஒருமுறை தன் கைகளால் செய்து பழகிய செயலின் நினைவு.

இன்றும் நம் சிற்றூர்களுக்கு முனிவர் எழுந்தருளும்போது நடப்பதைப் பாருங்கள். எதிர்கொள்ளல், உயர்ந்த இருக்கை அளித்தல், பாதம் கழுவுதல், அர்ச்சித்தல், வணங்கல், மனம் மொழி மெய் உணவு ஆகிய நான்கின் தூய்மை என ஒன்பது முறைகளும் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவருக்குத் தடையின்றி வருகின்றன. முதுகலைப் பட்டம் பெற்ற பேத்தியோ சற்று விலகி நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் குறை கூற மாட்டேன். சமையற்கட்டில் அவளைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்க எவருக்கும் நேரம் இருந்ததில்லை. அவளுக்கு எப்போதும் தேர்வு இருந்தது.

கற்பக மரங்கள் பயன் தராது ஒழிந்த காலத்தில், பசித்து வந்த மக்களுக்கு அதே ஆதிபகவன் ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்பதை நாம் அறிவோம். வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்பன அவை. எழுத்து இவற்றுள் ஒன்று. ஏனைய ஐந்துக்கும் மேலாக வைக்கப்பட்ட ஒன்றன்று. தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் அவர் கற்பித்தார். பெண்மக்களிடம் முதலில் ஏட்டைக் கொடுத்த மரபு இது. அம்மரபில் வந்த நாம், ஆண்மக்களிடம் அகப்பையைக் கொடுக்க ஏன் தயங்குகிறோம் என்பதை அன்னையர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளி என்று நாம் இன்று வழங்கும் சொல்லே சமண அறவோர் தங்கிய இடத்தைக் குறித்தது. அந்தப் பள்ளிகளில் என்ன நடந்தது? ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் முதற் பராந்தக சோழனின் 38-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. திருப்பான்மலை அரிஷ்டநேமி படாரரின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தியடிகள் அவ்வூரில் ஒரு கிணறு அமைத்த செய்தியை அது கூறுகிறது. குரத்தி என்பது ஆசிரியை நிலையில் இருந்த பெண் துறவியைக் குறிக்கும் சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இங்கிருந்து சில மணி நேரத்தில் சென்று திரும்பக்கூடிய தொலைவில், நூல் கற்ற ஓர் ஆசிரியை ஊருக்கு நீர் கிடைக்க வழி செய்திருக்கிறார். அறிவும் கிணறும் அவருக்கு வேறு வேறாகத் தோன்றவில்லை போலும்.

நம் நிலைக்கு வருவோம். ஆரணி, வந்தவாசி, செய்யாறு, போளூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பணியின் பொருட்டும் பிள்ளைகளின் படிப்பின் பொருட்டும் இங்கே குடியேறியவர்கள் நம்மில் பலர். நம் பெற்றோர் நிலத்தைக் கண்ணால் பார்த்தே ஈரம் சொன்னவர்கள். நம் பிள்ளைகளோ நல்ல மதிப்பெண் பெறுகிறார்கள்; மகிழ்ச்சி. பின்னர் வெளியூர் விடுதிக்குச் செல்கிறார்கள். அங்கேதான் சோதனை தொடங்குகிறது. அகிம்சையின் இலக்கணத்தைப் பிழையின்றிச் சொல்லும் மாணவனுக்கு, பொழுது சாயுமுன் உண்ண வேண்டும் என்பதும் தெரியும். விடுதியில் இரவு எட்டு மணிக்குத்தான் சோறு. முதல் வாரம் ரொட்டியும் வாழைப்பழமும் உண்டு சமாளிக்கிறான். இரண்டாம் திங்களில் விரதம் தளர்கிறது. அவன் நம்பிக்கை இழந்துவிட்டான் என்று நாம் வருந்துகிறோம். உண்மை அதுவன்று. ஒரு சிறிய மின் குக்கரில் அரிசியும் பாசிப்பருப்பும் இட்டு மாலை ஐந்து மணிக்குப் பொங்கல் வைத்துக்கொள்ள அவனுக்குத் தெரியாது, அவ்வளவே. கைவராத செயலால் ஒரு விரதம் அழிகிறது.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளைத் தனித்தனியாக மூன்று வழிகளென நம் நூல்கள் கூறவில்லை. மூன்றும் சேர்ந்தே ஒரு வழி. முதல் இரண்டையும் வகுப்பறையில் ஓரளவு சொல்லித்தர இயலும். மூன்றாவதை வினாத்தாளில் கேட்க இயலாது. நீரை வடிகட்டி அருந்துதல் நல்லது என்று எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். துணியை எத்தனை மடிப்பாக மடிப்பது, அதில் தங்கும் சிற்றுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே எவ்வாறு மெல்லச் சேர்ப்பது, துணியை எங்கே உலர்த்துவது ஆகியவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்க வேண்டும்.

நீர் என்றதும் இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் பாலாற்றங்கரையில் வாழ்கிறோம். இராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலமும் நீரும் கெட்ட வழக்கில், 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஒரு பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனது என்று அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் நெறியை நாடு முழுவதற்கும் உறுதிசெய்த தீர்ப்பு அது. நம் பிள்ளைகள் குரோமியத்தின் அணு எண் 24 என்று உறக்கத்திலும் சொல்வார்கள். அந்தக் குரோமியம் தோல் பதனிட உதவுவதையும், தம் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை எங்கே கொடுத்துச் சோதிப்பது, வரும் அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதையும் அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? கொல்லாமை பேசும் நமக்கு இந்த வேதியியல் அயலான பாடம் அன்று.

ஏட்டையும் செயலையும் இணைத்துக் காட்டியவர்களைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவில் மருத்துவம் பயின்று திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சை தொடங்கினார். நோயாளிகள் தம்மைத் தேடி வருவதற்குக் காத்திராமல், குடியாத்தம் சாலையில் மர நிழல்களில் நின்று மருத்துவம் செய்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபின் மாணவியரும் அச்சாலையோரத்தில் நின்றே கற்றனர். இன்றும் சி.எம்.சி.யின் முதலாண்டு மருத்துவ மாணவர்கள் சில வாரங்கள் கிராமத்தில் தங்கி, வீடு வீடாகச் சென்று மக்களின் வாழ்வை அறிகின்றனர். உடற்கூற்று நூலை முடிக்குமுன்னரே இது நடக்கிறது. மருந்துச் சீட்டில் எழுதும் உணவு அந்த வீட்டு அடுப்பில் கிடைக்குமா என்பதை மருத்துவர் அறிய வேண்டும் அல்லவா?

காந்தியடிகளும் 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் கைத்தொழில் வழியே கல்வி என்னும் கருத்தை முன்வைத்தார். அவருடைய இளமையில் பெருந்தாக்கம் ஏற்படுத்திய ஸ்ரீமத் ராஜ்சந்திரர் நம் நெறியைச் சார்ந்தவர். பம்பாயில் முத்தும் வைரமும் வணிகம் செய்தவர். வியாபாரக் கணக்கு முடிந்த கணமே ஆன்ம நூலைத் திறக்கும் அவரைக் கண்டு காந்தியடிகள் வியந்ததுண்டு.

இவ்விடத்தில் அவையில் சிலருக்கு ஓர் ஐயம் எழக்கூடும், எழுவதே முறை. 1953-இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் பாடமும் எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிற்பயிற்சியும் என ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தனர். 1954-இல் காமராசர் பொறுப்பேற்றபின் அது கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். செருப்புத் தைப்பவர் மகனுக்கு ஊசியையும், அலுவலர் மகனுக்கு ஏட்டையும் கொடுப்பது கல்வியாகாது. நான் கேட்பது வேறு. எல்லாப் பிள்ளைக்கும் ஏடு. எல்லாப் பிள்ளைக்கும் ஊசி. பாட நேரத்தில் ஒரு மணியையும் குறைக்காமல், வீடும் அறக்கட்டளையும் தம் பங்கைச் செய்ய வேண்டும் என்பதே.

சமையலும் துணி வடிகட்டலும் மட்டுமே இதில் அடங்கா. அண்மையில் எனக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் தலைவர் திடீரென மறைந்தார். மனைவி பட்டதாரி. எந்த வங்கியில் என்ன வைப்பு உள்ளது, நியமனதாரர் யார், வாரிசுச் சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதொன்றும் அவருக்குத் தெரியவில்லை. துக்கம் ஒருபுறம், படிவங்கள் ஒருபுறம் என ஓராண்டு அலைந்தார். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இதே சத்துவாச்சாரியில்தான் உள்ளது. பக்கத்தில் இருந்து என்ன பயன்? பற்றற்று வாழ்தல் வேறு, கணக்கறியாது வாழ்தல் வேறு.

ஆகவே நிர்வாகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஞாயிறுதோறும் காலையில் இக்கூடத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். ஆசிரியர்களை வெளியே தேட வேண்டாம். இவ்வவையிலேயே ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் உண்டு, வேளாண் துறையில் பணியாற்றியவர் உண்டு, செவிலியர் உண்டு, மின்பணி அறிந்தவர் உண்டு. முனிவர்க்கு ஆகாரம் அமைத்துப் பழகிய மூதாட்டியரும் உண்டு. பட்டம் இல்லையெனினும் அவர்களை முன்வரிசை ஆசிரியராக அமர்த்துங்கள். ஆண், பெண் என இரு வகுப்பு வேண்டாம்.

முதல் ஞாயிறன்று பிள்ளைகள் புத்தகம் கொண்டுவர வேண்டியதில்லை. தூய வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றும், ஒரு சொம்பும், வீட்டுக் கிணற்று நீர் ஒரு புட்டியும் போதும். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர், சிற்றுண்டி தொடங்குமுன் செயலாளரிடம் எழுதித் தருமாறு வேண்டுகிறேன். பொழுது சாய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.