தவணை தவறியது யார்?

(நரிக்குடியில் இளைஞர்கள் கூடிய வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆய்வு மாணவி என்பதால் ஆய்வைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது என் அக்கா வீட்டு மஞ்சள் பையில் இருக்கும் ஒரு மருத்துவக் கோப்பைப் பற்றி.

அக்கா மகனுக்கு 2016இல் ரத்தப் புற்றுநோய் வந்தது. அப்போது அவனுக்கு ஆறு வயது. குழந்தைகளுக்கு அதிகம் வருகிற வகை அது. முறையாகச் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் இரண்டரை ஆண்டு சிகிச்சை நடந்தது. அரசு காப்பீட்டு அட்டை பெரிய செலவைத் தாங்கியது. 2019 ஜனவரியில் “மருந்து முடிந்தது” என்றார்கள். அக்கா ஊருக்கெல்லாம் பொங்கல் வைத்துக் கொடுத்தாள்.

மருந்துதான் முடிந்தது, மருத்துவமனை முடியவில்லை. முதல் ஆண்டு மாதம் ஒருமுறை, இரண்டாம் ஆண்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்றாம் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். மொத்தம் 22 தவணை. “நோய்தான் போயிருச்சே, எதுக்குடி இன்னும் ஊசி குத்துறாங்க?” என்று அக்கா என்னைக் கேட்டாள். படித்த பிள்ளை நான்தான், ஆனால் எனக்கும் தெரியாது. பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில் திரும்பும். அதனால் ரத்த அணுக்களை எண்ணுகிறார்கள், கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். டாக்சோரூபிசின் போன்ற மருந்து பல ஆண்டு கழித்தும் இதயத்தைப் பலவீனமாக்கலாம். அதற்கு எக்கோ எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு எலும்பைப் பாதிக்கலாம். ஆக, பிழைத்த பிள்ளையை வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும். மும்பை டாடா மருத்துவமனையில் இதற்கென்றே 1991இல் தனிப் பிரிவு தொடங்கினார்கள்.

மச்சான் கரிமூட்டத் தொழிலாளி. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசித் தீ வைத்தால் இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். எங்கேயாவது மண் விட்டுக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். முன்பணம் வாங்கிய ஆள் அந்த நேரத்தில் நகர முடியாது. 2019இல் ஒரு தவணை அப்படித் தவறியது. மறு ஆண்டு ஊரடங்கு, பேருந்து கிடையாது. இரண்டு தவணை தவறியது. மற்ற 19 தவணைக்கும் போனோம். ஒவ்வொரு தடவையும் முதல் பேருந்து, இரண்டு பேர் கூலி இழப்பு, சாப்பாட்டுச் செலவு. ரத்த முடிவு வரும்வரை அக்கா பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டாள்.

2020 செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்து ஓடத் தொடங்கியதும் போனார்கள். அங்கே ஒருவர் கோப்பைப் புரட்டிவிட்டு, “உங்க ஆளுகளுக்கெல்லாம் பிள்ளை மேல அக்கறையே கிடையாதா?” என்றார். எந்த ஊர், எந்தத் தெரு என்று முன்பே கேட்டிருந்தார். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அவனைப் பிழைக்க வைத்ததும் அதே இடம்தான். ஆனால் அன்று கோப்பில் ஒரு சொல் ஏறியது: “டிஃபால்ட்டர்”. அக்கா அதை என்னிடம் காட்டி அர்த்தம் கேட்டாள். “தவணை தவறியவர்” என்றேன். “குழுக்கடன்ல சொல்ற மாதிரியா?” என்றாள்.

காசநோயாளிகளையும் ஒரு காலத்தில் இப்படித்தான் குறித்தார்கள். 2013இல் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட்டது. நோயாளியைக் குற்றவாளியாக்கும் சொல் என்ற விமர்சனம் அதற்கு முன்பே இருந்தது. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகளில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அதே நிறுவனம் சொல்கிறது. காரணங்களில் ஒன்றாகச் சிகிச்சை பாதியில் நிற்பதையும் சேர்த்திருக்கிறது. அதைத் தாயின் அக்கறையின்மை என்று எழுதினால் மூட்டமும் முன்பணமும் பேருந்தும் கணக்கில் வராது. சாதி எப்போதும் செய்வது இதைத்தான். ஏற்பாட்டின் குறையை ஆளின் குணமாக எழுதிவிடும்.

பள்ளியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சிகிச்சையின்போது எதிர்ப்புச் சக்தி குறைவாக இருந்ததால் அவனுக்குத் தனித் தட்டு வைக்க மருத்துவர் சொன்னார். அது அவனைக் காப்பதற்கு. சிகிச்சை முடிந்த பிறகும் மதிய உணவில் அந்தத் தனித் தட்டு நின்றது. இப்போது அது மற்றவர்களை அவனிடமிருந்து காப்பதற்கு. “ஒட்டுவாரொட்டி” என்று பேசிக்கொண்டார்கள். புற்றுநோய் ஒட்டாது என்று விளக்க நான் போகக் கிளம்பினேன். அக்கா தடுத்தாள்: “நமக்குத் தனி டம்ளர் புதுசாடி? அதுவும் ஒட்டும்னுதான வச்சாங்க.” ஆனாலும் போனேன். நான்கு முறை போன பிறகு தட்டு மாறியது.

நாம் என்ன கேட்க வேண்டும்? காசநோயாளியின் வங்கிக் கணக்கில் 2018 முதல் மாதம் 500 ரூபாய் போட்ட அரசு, 2024இல் அதை 1000 ஆக்கியது. அதுபோல் பரிசோதனை நாளுக்குப் பயணப்படியும் இழந்த கூலியும் வேண்டும். சாதாரண ரத்தப் பரிசோதனையை உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே செய்து முடிவை மதுரைக்கு அனுப்பலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்தப் பட்டியலில் பிழைத்த பிள்ளைகளையும் சேர்க்கலாம். என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று தமிழில் ஒரே ஒரு தாள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டும். ஒரு தவணை தவறினால் சொல்லை எழுதுவதற்கு முன் ஒரு போன் பண்ண வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. உங்கள் தெருவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால் அடுத்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் கூடப் போங்கள். கோப்பை வாசித்துச் சொல்லுங்கள்.

அவன் இப்போது பத்தாம் வகுப்பு. ஆண்டுக்கு ஒருமுறை போகிறான். அடுத்த மாதம் எக்கோ இருக்கிறது. மச்சானுக்கு அது மூட்ட நேரம். அதனால் நான் கூட்டிப் போகிறேன். போகும்போது, அந்தச் சொல்லை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டு ஒரு மனுவும் எடுத்துப் போகிறேன். அக்கா ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஜெய்பீம்.